கூட்டி வைத்தது யார்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிட்டன. இனி தை பிறக்கும்வரை சிவகாசியில் அச்சு இயந்திரங்கள் ஓயாது. எங்கள் கடைக்கும் இதுதான் காலம். சங்கரபாண்டி அண்ணாச்சி தன் அச்சகத்தின் டிசைன் பிரிவுக்கு ஆறு கம்ப்யூட்டர் கேட்டிருந்தார். பாகங்களைத் தனித்தனியாக வரவழைத்து இவரே, என் வீட்டுக்காரர், உட்கார்ந்து பூட்டினார். இன்று கொண்டுபோய் மாட்டினோம். நானும் போயிருந்தேன். பலகையில் தனுஷ்கோடி கம்ப்யூட்டர்ஸ் என்று இவர் பெயர் மட்டும் இருந்தாலும், வயர் பிரிப்பது, துடைப்பது, பில் போடுவது எல்லாம் நான்தான்.

இந்த வருடம் வந்ததிலேயே வேகமான ப்ராசஸர். கம்ப்யூட்டரின் மூளை என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்களே, அது. டிசைனர் பேச்சியம்மாள் ஒரு பெரிய படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "முந்தியெல்லாம் இது திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துருவேன்க்கா" என்றாள்.

அண்ணாச்சி இவர் தோளில் கை போட்டு, "இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்ட முடியுமா கோடி? நீ அதுல பெரிய ஆளுன்னு சொன்னாங்களே" என்றார். இவர் சிரித்தார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினோம். நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பேச்சி போன் செய்தாள். அவள் கம்ப்யூட்டர் நடுவில் நின்று திரை நீலமாகிவிடுகிறதாம். இவர் போய் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தார். எங்கள் பாப்பாவுக்குப் பள்ளியில் ஆண்டு விழாவாம், வெள்ளைப் பாவாடை வேண்டுமாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

இப்போது மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று சரியானால் இன்னொன்று படுக்கிறது. இவர் மெமரியை மாற்றிப் பார்த்தார், மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தார். கடைசியில் ப்ராசஸர்தான் என்கிறார்.

மத்தியானம் ப்ராசஸர் கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் பணிவாகப் பேசினாள். "உங்க மதர்போர்டுல செட்டிங் என்ன இருக்குன்னு போர்டு கம்பெனில கேளுங்க மேடம்." ப்ராசஸரைச் செருகுகிற அந்த மதர்போர்டைச் செய்த கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பையன். "போர்டு ஓடுதுல்ல மேடம்? அப்ப ப்ராசஸர் கம்பெனிலதான் கேக்கணும்." மறுபடி அந்தப் பெண். "யாராவது ஓவர்கிளாக் பண்ணியிருந்தா வாரண்டி கிடையாது மேடம். அதை மட்டும் செக் பண்ணிக்கோங்க."

போனை வைத்தபோது இவர் பக்கத்தில்தான் இருந்தார். "என்ன சொல்றாங்க?" என்றார். மெயில் அனுப்பச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஓவர்கிளாக் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கம்பெனி ஒரு வேகம் வைத்து ப்ராசஸரைச் செய்கிறது. அதற்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினால் இன்னும் வேகமாக ஓடும். சூடாகும். சில நாளில் சாகும். படிக்கும் காலத்தில் மதுரையில் இதற்கென்றே நடந்த போட்டியில் இவர் கோப்பை வாங்கியிருக்கிறார். கல்யாணமான புதிதில் என்னை அசத்துவதற்காக முன் அறையில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, நண்பர்கள் முன்னால் கூட்டிக்கொண்டே போனார். பொசுங்கிப் புகை வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டேன்.

இவர் பின்னாலேயே வந்து, இனிமேல் இதைத் தொட மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு வீட்டில் தொட்டதில்லை.

இவரை நான் நம்புகிறேன். இன்று இவர் குளித்துக்கொண்டிருந்தபோது இவருடைய மேசையை ஒதுங்க வைத்தேன். ரொம்ப நாளாக ஒதுங்க வைக்காமல் கிடந்தது. பழைய குளிர்விக்கும் மின்விசிறிகள்தான் இருந்தன.

செப்டம்பர் 14, சனி

சேலத்து ஜவுளிக்கடை ஒன்றின் காலண்டர். லட்சுமி படம், கீழே பன்னிரண்டு மாதக் கட்டங்கள். அச்சடித்து, மேலே மாட்டுவதற்கான தகடு அடித்து, கட்டுக் கட்டி லாரியில் ஏற்றும்போதுதான் ஒரு பையன் பார்த்திருக்கிறான். ஜூன் மாதம் இருபத்தெட்டோடு முடிந்துவிட்டது. இருபத்தொன்பதும் முப்பதும் இல்லை.

அண்ணாச்சி கூப்பிட்டார், இருவரும் போனோம். பேச்சி சுவரோரம் நின்றிருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் டிசைனைத் திறந்து காட்டினாள். அதில் இருபத்தொன்பதும் இருந்தது, முப்பதும் இருந்தது. அச்சுக்கு அனுப்புவதற்காக அதைக் கோப்பாக மாற்றுகையில் உதிர்ந்திருக்கிறது. "ப்ராசஸர் கெட்டுப் போனா கணக்கைத் தப்பாப் போடும் அண்ணாச்சி. இந்தப் பிள்ளை மேல தப்பு இல்லை" என்றார் இவர்.

"அப்ப உன் மேலயா தப்பு?"

இவர் குனிந்து பேச்சியின் கம்ப்யூட்டர் வயர்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

"எனக்கு மெஷின் மேல கோவப்படத் தெரியாது கோடி. சேலத்துக்காரன் எங்கிட்டத்தான் கத்துறான். நான் யார்கிட்டக் கத்த? அச்சுக்குப் பிளேட் போடுறதுக்கு முந்தி ஒரு தடவை பாக்க வேண்டியது அவ வேலைதான?" பேச்சியிடம் திரும்பினார். "நீ திங்கக்கிழமை வராத தாயி. நானா கூப்பிட்டு விடுறேன்."

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மறந்து, திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பாப்பாவுக்குத் தலை குளிப்பாட்டினேன். "நிஜமாவே நீங்க ஒண்ணும் கூட்டி வைக்கலையே?" என்று இவரிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"பெட்டியில வந்தபடிதான் இருக்கு" என்றார். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கடைசிவரை துருவி முடித்துவிட்டு வெளியே போனார்.

செப்டம்பர் 20, வெள்ளி

போர்டு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நிரஞ்சன் என்று பெயர். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மாதிரி. டிபன் சாப்பிட்டாச்சா என்று என்னைக் கேட்டார். நானல்லவா அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டரை அணைத்து, பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புத் திரையைத் திறந்தார். ஒரு எண்ணைக் காட்டினார். "இது ப்ராசஸருக்குப் போற வோல்டேஜ் சார். இவ்வளவு இருக்கக் கூடாது. யாரோ கூட்டியிருக்காங்க." ஆறிலும் அப்படித்தான் இருந்தது.

"நான் அந்தத் திரைக்குள்ள போகவே இல்லை. உங்க ஃபேக்டரியில இருந்து வந்தபடிதான் இருக்கு" என்றார் இவர்.

"ஃபேக்டரியில அப்படி வைக்க மாட்டாங்க சார்."

"புதுப் பெட்டி ஒண்ணு கொண்டாந்து திறந்து பாக்கலாமா?"

"அதுக்கு எனக்கு அனுமதி இல்லை சார்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிரஞ்சன் என்னை வராந்தாவுக்குத் தனியாக அழைத்து, காரணம் தெளிவாகத் தெரிந்தால் அண்ணாச்சிக்காகத் தங்கள் கம்பெனியே விட்டுக்கொடுத்துப் புது ப்ராசஸர் வாங்கித் தரும், காரணம் தெரியாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். உள்ளே திரும்பி வந்தோம். எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார்.

"மேடம், சாருக்கு ஓவர்கிளாக் பண்ற பழக்கம் உண்டா?"

"உண்டு" என்றேன். உண்மைதானே.

"இந்த மெஷின்களையும் பண்ணியிருப்பாரா?"

"பண்ணியிருக்கலாம். அண்ணாச்சி வேகம் கேட்டாரு."

நிரஞ்சன் குறித்துக்கொண்டார். அண்ணாச்சி பெருமூச்சு விட்டார், ஏதோ ஒரு வழி பிறந்த மாதிரி. இவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினவர் மாதிரி பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போட ஆரம்பித்தார்.

வேலை நடக்க வேண்டுமே என்றுதான் சொன்னேன். அதற்காகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 21, சனி

கடை திறக்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

போர்டு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பயன்படுத்தியவர் தரப்பில் மின் அளவு கூட்டப்பட்டதால் ப்ராசஸர்கள் பழுது. வாரண்டி கிடையாது. ஆனாலும் நல்லெண்ணத்தின் பேரில் அச்சகத்துக்கு ஆறு புது ப்ராசஸர்கள். அந்த போர்டுகளை இனி எங்கள் கடைக்குத் தர மாட்டார்கள். இவரிடம் படித்துக் காட்டினேன். "சரி" என்றார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பூண்டு உரித்துக்கொண்டே பேசினாள்.

"நீயா அப்படிச் சொன்ன?"

"பழக்கம் உண்டான்னு கேட்டாங்க. உண்டுன்னேன். பொய்யா சொல்லச் சொல்ற?"

"உங்கப்பா பட்டாசு ஆலை வெடிச்சுச் செத்தப்பவும் இப்படித்தான் சொன்னாக. சத்தம் நல்லா வரணும்னு அந்த மனுசன் மருந்தைக் கூட்டிப் போட்டுட்டாருன்னு போர்மேன் சொன்னான். கம்பெனிக்காரன் தலையாட்டுனான். அவுக கூட வேலை பாத்தவுகளும், ஆமா, அவரு கொஞ்சம் அவசரக்காரருதான்னாக. செத்துப் போனவரு எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அது வேறு, இது வேறு என்றேன். அம்மா அடுத்த பூண்டை எடுத்தாள். பூண்டை நான் வாங்கி உரித்து முடித்தேன். ராத்திரிச் சாப்பாடு ரசம் மட்டும்தான்.

அக்டோபர் 4, வெள்ளி

நிரஞ்சன் மறுபடி வந்து ஆறு ப்ராசஸர்களையும் தன் கையாலேயே மாட்டினார். கம்பெனி சொன்னபடி அமைப்புத் திரையை ஃபேக்டரி நிலைக்குத் திருப்பினார்; எண்ணை மறுபடி பார்க்காமலே அடுத்த பெட்டிக்குப் போனார். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும், திறந்தால் கிழிகிற மாதிரி வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒட்டினார். அமைப்புத் திரைக்குக் கடவுச்சொல் போட்டு அதைத் தன்னோடே வைத்துக்கொண்டார்.

கோடி இனி அச்சகத்துப் பக்கம் வர வேண்டாம் என்று அண்ணாச்சி என்னிடம் தன்மையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. பார்ட்டி வந்து போற இடம்."

இவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. இவர் கேட்கவே இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

பேச்சி கடைக்கு வந்தாள். சாத்தூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். காலையிலிருந்து உட்கார விடமாட்டார்களாம். கால் வீங்கியிருந்தது. காலண்டரைக் கெடுத்தவள் என்று தெரிந்துபோனதால் எந்த அச்சகத்திலும் எடுக்கவில்லை. தம்பிக்கு ஒரு பழைய பிரிண்டர் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்க வந்தாள். போகும்போது சொன்னாள்.

"அக்கா, அண்ணன் அன்னைக்கு மெஷின் மாட்டுனப்ப நான் பக்கத்துலயேதான் இருந்தேன். ஒண்ணும் கூட்டலைக்கா. பக்கத்து சீட்டுப் பையன்கூட கேட்டான், கூட்டித் தாங்கண்ணேன்னு. மாட்டேன்டா, வீட்டுல பயப்படுவாங்கன்னாரு."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே பேச்சி."

"அந்தச் சார் வந்தப்ப நான் வேலையிலயே இல்லையேக்கா. இருந்தாலும் எங்கிட்ட யாரு கேக்கப் போறா?"

டீ வாங்கிக் கொடுத்தேன். பிரிண்டரை சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள் வாங்க மாட்டேன் என்றாள். வற்புறுத்திக் கொடுத்தேன்.

இவரிடம் இதைச் சொல்லவில்லை. சின்னப் பெண், பாசத்தில் ஏதாவது சொல்லும்.

அக்டோபர் 22, செவ்வாய்

இவர் தன் சொந்தக் கம்ப்யூட்டரை விற்றுவிட்டார். வாங்க வந்த கல்லூரிப் பையன் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டான். "கம்பெனி வச்ச வேகம்" என்றார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

விடிந்ததிலிருந்து வெடிச் சத்தம். நான் எப்போதும்போல் உள் அறையில் இருந்தேன். எப்போதும்போல் இவரும் வந்து பக்கத்தில் உட்காருவார் என்று நினைத்தேன். பாப்பாவோடு வாசலில் மத்தாப்பு பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் சரிதான். குழந்தைக்குத் துணை வேண்டும்.

சாப்பிடும்போது, ஓசூரில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"கடை?" என்றேன்.

"நீ பாத்துக்கிருவ."

"பூட்டுற வேலைக்கு ஆள் வேணாமா?"

"நான் பூட்டினா யாரு வாங்குவா?"

பாப்பா அதிரசம் இன்னொன்று கேட்டாள். எடுத்து வைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட நான் வருகிறேன் என்றேன். மழை வரும், வேண்டாம் என்றார். மழை வரவில்லை.

நவம்பர் 13, புதன்

அண்ணாச்சி போன். "அம்மா, நாலு மெஷின் மறுபடி நீலமாப் போச்சு."

போய்ப் பார்த்தேன். வெள்ளி ஸ்டிக்கர் ஒன்றுகூடக் கிழியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. மூடியைத் திறக்கவில்லை, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, கூட்டி வைக்கிற ஆள் ஓசூரில் இருக்கிறார்.

அங்கேயே நின்று நிரஞ்சனுக்குப் போன் போட்டேன். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "மேலிடத்துக்கு எழுதியிருக்கேன் மேடம். வேற ஊர்களிலயும் இப்படி வருது. நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க" என்றார்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கோடி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

நானும் கிளம்பி வந்துவிட்டேன். அரிசி அரைக்கக் கொடுத்திருந்தேன், மில் மூடுவதற்குள் வாங்க வேண்டியிருந்தது.

நவம்பர் 23, சனி

இரண்டு கம்பெனிகளும் அறிக்கை வெளியிட்டுவிட்டன. கடைக்கு வரும் பையன்கள் செல்போனில் காட்டினார்கள். ப்ராசஸர் கம்பெனி சொல்கிறது: சில மதர்போர்டுகள் நாங்கள் சொன்ன அளவைவிடக் கூடுதலாக மின்சாரம் கொடுத்திருக்கின்றன. போர்டு கம்பெனி சொல்கிறது: ப்ராசஸர் கேட்ட மின்சாரத்தைத்தான் எங்கள் போர்டு கொடுத்தது. இரண்டு பேருமே, புது அமைப்பை இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று முடித்திருக்கிறார்கள். போட்டியில் தன் போர்டுதான் வேகம் என்று காட்டுவதற்காக ஃபேக்டரியிலேயே கூட்டி வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே கெட்டுப்போனதைப் புது அமைப்பு சரிசெய்யாதாம். இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளுமாம்.

யார் தப்பு என்று தேடித் தேடிப் படித்தேன். அந்த வார்த்தை எங்கேயும் இல்லை.

மாலையில் அண்ணாச்சியே கடைக்கு வந்துவிட்டார். இதுவரை இந்தப் படி ஏறினதில்லை. "கோடியை வரச் சொல்லும்மா. நான் பேசுறேன். அந்தப் பிள்ளை பேச்சியையும் கூப்பிட்டு விட்டேன். வர மாட்டேன்னுட்டா."

"நான் சொல்றேன் அண்ணாச்சி."

"அன்னைக்கு எனக்கு வேலை நடக்கணும். அவ்வளவுதான் என் புத்தியில இருந்தது."

எனக்கும் அதுதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எனக்கும் அதுதானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இவரிடம் போனில் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைதான் நிதானமாகப் பேச நேரம் கிடைக்கிறது. பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அறையில் நாலு பேராம்.

அறிக்கையைப் பற்றி முழுவதும் சொன்னேன். அண்ணாச்சி வந்ததைச் சொன்னேன். "நீங்க கூட்டி வைக்கலைன்னு ஆயிருச்சுங்க" என்றேன். குரல் எனக்கே சந்தோஷமாகக் கேட்டது.

"அது எனக்கு முன்னாடியே தெரியுமே இந்து" என்றார்.

பாத்திரச் சத்தத்தை விட்டு வெளியே வந்து பேசினார். "ஒரே ஒரு தடவை அந்தத் திரைக்குள்ள போயிருந்தேன்னா வோல்டேஜ் கூட இருக்கிறது என் கண்ணுல பட்டிருக்கும். குறைச்சு வச்சிருப்பேன். எனக்குத் தெரியாத விஷயமா? உனக்குக் குடுத்த வார்த்தைக்காக அந்தப் பக்கமே போகலை. போகாம விட்டதுதான் நான் செஞ்ச தப்பு."

நான் எதையோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பாப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரக்காரர் என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் அவசரக்காரர்தான். சாப்பாட்டில் அவசரம், பஸ் ஏறுவதில் அவசரம். மருந்துக் கலவையில் அவர் அவசரப்பட்டாரா என்று பார்த்தவர் யார்?

இதற்கு மேல் எழுத வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நிரஞ்சனுக்குப் போன் செய்தேன். அன்று எங்கள் மேல் எழுதிக்கொண்டுபோன அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், இவர் பெயரில் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை.

"மேடம், அந்த அறிக்கையில நாங்க சாரைக் குத்தம் சொல்லவே இல்லை. கடை உரிமையாளரின் மனைவி கொடுத்த தகவலின்படின்னுதான் இருக்கு. நீங்க சொன்னதைத்தான் எழுதினோம். திரும்பப் பெறணும்னா நீங்கதான் திரும்பப் பெறணும். கம்பெனி சார்புல எதுவும் சொல்லலையே."

"அந்த எண்ணைக் காட்டி, யாரோ கூட்டியிருக்காங்கன்னு சொன்னது நீங்கதானே?"

"எங்கிட்ட இருந்த பேப்பர்ல வேற அளவு போட்டிருந்தது மேடம். அந்தப் பேப்பரைக் குடுத்தது வேற டிபார்ட்மெண்ட்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு வருத்தமாத்தான் இருக்கு மேடம். புதுசா ஒரு பெட்டியைத் திறந்து பாக்கலாம்னு சார் அன்னைக்கே கேட்டாரு. அது அடிக்கடி ஞாபகம் வருது" என்றார்.

நல்ல பையன்தான். எல்லோருமே நல்லவர்கள்தான். அந்த ப்ராசஸர் கம்பெனிப் பெண்ணும் எவ்வளவு பணிவாகப் பேசினாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

அச்சகத்துக்குப் போனேன். டிசைன் அறையில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அண்ணாச்சியையும் வரச் சொன்னேன். அன்று எந்த இடத்தில் நின்றேனோ அதே இடத்தில் நின்றுகொண்டேன்.

"செப்டம்பர்ல இங்க வச்சு, எங்க வீட்டுக்காரர் மெஷினைக் கூட்டி வச்சிருக்கலாம்னு சொன்னேன். நான் பார்த்துச் சொல்லலை. எதுவும் தெரியாமத்தான் சொன்னேன். அவரு தொடவே இல்லை. பேச்சி மேலயும் தப்பு இல்லை."

பேசி முடித்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பேச்சியின் இடத்தில் புதிதாக வந்திருந்த பையன் காதில் ஹெட்போன் வைத்திருந்தான். அவன் கேட்கவே இல்லை. மற்ற இருவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். பொங்கல் வரை அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை.

"இதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சேம்மா" என்றார் அண்ணாச்சி. "இப்ப எதுக்கு இதெல்லாம்? உக்காரு, காப்பி சொல்றேன்."

காப்பி குடித்துவிட்டு வந்தேன். அங்கிருந்தே பஸ் பிடித்து சாத்தூர் போனேன். பேச்சி துணிக்கடையில் சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஓரமாக நின்று நடந்ததைச் சொன்னேன். "சரிக்கா" என்றாள். "நேரமாச்சு, மேனேஜர் பாக்காரு." நான் கொடுத்த பிரிண்டருக்கு மை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். நான் வாங்கி அனுப்புவதாகச் சொன்னேன்.

ஜனவரி 13, திங்கள். போகி

இவர் வந்திருக்கிறார். இளைத்துவிட்டார். கை முழுக்க சிமெண்டுச் சிராய்ப்பு. பாப்பாவுக்கு ஒரு பென்சில் பெட்டி, எனக்கு ஒரு ஸ்வெட்டர். சிவகாசியில் ஸ்வெட்டரை எங்கே போடுவது? போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தெருவில் நாலைந்து பேர் இவரிடம் வந்து பேசினார்கள். கம்பெனி தப்பாமே, பேப்பரில் போட்டிருந்தானே என்றார்கள். இவர் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடவில்லை, ஒரு எட்டு வந்து பார் என்றார். "அதெல்லாம் விட்டுட்டேண்ணே. இவகிட்டக் குடுங்க, பார்ப்பா" என்றார்.

மத்தியானம் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது, அச்சகத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னதை இவரிடம் சொன்னேன். சொன்னால் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

"யாரும் உன்னை ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. காப்பி குடுத்தாங்க."

தலையாட்டினார். கரும்பைக் கடித்துத் துப்பினார். பிறகு சொன்னார்: "நீ போய்ச் சொன்னது பெரிய விஷயம் இந்து. எனக்குத் தெரியுது. ஆனா முதல்ல சொன்னப்ப நான் அங்க இருந்தேன். என் காதால கேட்டேன். இதை நான் கேக்கலை. அதான் மனசு இன்னும் அங்கயே நிக்குது."

"இப்ப சொல்லவா? உங்க முன்னால?"

"வேணாம். சொல்லி வர்றது இல்லை அது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். சக்கையைக் கூட்டி அள்ளிக் கொட்டினேன்.

ஜனவரி 17, வெள்ளி

இந்த முறை பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. பாப்பாவும் நானும் போனோம். ஓசூர் பஸ்ஸில் கூட்டம். இவருக்கு அந்தப் பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாங்கள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் பஸ் பின்வாங்க ஆரம்பித்துவிட்டது. பாப்பா கையாட்டினாள். இவரும் ஆட்டினார். என் பக்கமும் திரும்பினார். ஒரு நிமிடம் பார்த்தார். அதற்குள் ஒரு கரும்பு வண்டி குறுக்கே வந்துவிட்டது.

எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து துணிகளை ஊறவைத்தேன். கொடியில் இவருடைய நீலச் சட்டை ஒன்று தொங்கியது. நல்ல சட்டை, போன வருடம்தான் எடுத்தது. மற்ற எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்தவர், இதை மட்டும் எடுக்கவில்லை. அதையும் துவைத்துக் காயப்போட்டேன். காய்ந்ததும் தேய்த்து, அலமாரியில் அவர் தட்டில் வைத்தேன்.

பாப்பாவைப் பார்க்க வந்திருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "மறந்துட்டுப் போயிட்டாரா, திரும்பி வரப்ப போட்டுக்கிறலாம்னு வச்சிட்டுப் போயிருக்காரா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.